ஜானவாசக் காருக்கு நாங்களே ஆயில் மாற்றினோம்

செம்பருத்தியைக் கசக்கிப் பிழிந்தது போல ஒரு சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனால் தையல் மெஷின் வாசனை...

ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. அறுபதுகளின் பம்பாய். மாட்டுங்காவில் எங்கள் கட்டட வாசலில், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு காருக்கு அடியில் நுழையத் தயாராக நின்றிருந்தேன்.

மறுநாள் அக்காவுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால், அன்று மாலையே ஜானவாசம். மாப்பிள்ளை திறந்த காரில் ஊர்வலம் வரவேண்டும். கீழ்வீட்டுப் பார்சிக்காரர் ரூஸி அங்கிள் தன் மூடியில்லாத அமெரிக்கக் காரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். எங்கள் தெருவுக்கு அது ஓர் அதிசயம்.

அதிசயத்துக்கு வயதாகிவிட்டது என்பதுதான் சிக்கல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சிங்கம் மாதிரி கத்தும். கார் பசுமாடு மாதிரி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

"ஆயில் கருகிப் போயிருக்கு. மாத்தினா சரியாயிடும்" என்றான் அண்ணன் அம்பி. இன்ஜினியரிங் முதல் வருஷம். முன்னே பின்னே மாற்றியது கிடையாது. ரூஸி அங்கிளும்தான். டின்களை வாங்கிக் கொடுத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று அவர் ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார்.

அம்பி அடியில் நுழைந்தால் தோள் இடித்தது. நான் நுழைந்தேன். போல்ட்டைத் திருகியதும் கறுப்பு ஆயில் முழங்கை வழியாக ஓடி ரவிக்கைக்குள் போயிற்று... மேலே எல்லோரும் பூத்தொடுத்துக்கொண்டிருக்க, கீழே நான் ஒரு அமெரிக்கக் காரின் வயிற்றைக் காலி செய்துகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

புது ஆயிலைப் புனல் வைத்து மேலிருந்து ஊற்றினோம். சிந்தாமல் இருக்க, ஒரு தாம்பாளத்தில் கொட்டி, அதிலிருந்து டம்ளரால் மொண்டோம். அந்தத் தாம்பாளம் என்னிடம் எப்படி வந்தது என்றால், "ஆரத்தி கரைச்சு வாசல்ல வைடீ, மாப்பிள்ளையாத்துக்காரா வந்துடுவா" என்று சித்தி காலையிலேயே கொடுத்தது.

அம்பி அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான். "ஃபுல். போதும்."

மிச்ச ஆயில் தாம்பாளத்தோடு வாசற்படியில் இருந்தது. நான் கைகழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளை வந்திறங்கியிருந்தார். சித்தி, என் சிவப்புத் தாம்பாளத்தில் கற்பூரமில்லாமல் வெற்றிலையை மட்டும் மிதக்கவிட்டு, மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள். விரலால் தொட்டு அவர் நெற்றியில் ஒரு பொட்டு. மிச்சத்தை நடுத்தெருவில் கொட்டினாள்.

மாப்பிள்ளையின் மூக்கு லேசாக அசைந்தது. அவர் மெட்ராஸில் பஸ் பட்டறை இன்ஜினியர்.

சரி, காருக்குத்தான் ஃபுல் ஆயிற்றே என்று இன்ஜினைக் கிளப்பினோம். உள்ளே ஆயில் சுற்ற ஆரம்பித்ததும் கம்பியில் அளவு சரசரவென்று இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டுமாம். அது அம்பியின் பாடப் புத்தகத்தில் இல்லை. கார் உறுமியது, நகரவில்லை. ஊற்ற வேண்டிய ஆயில் தெருவில் மினுங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் கிடையாது.

மத்தியானம் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என் நெத்தியில வெச்சது என்ன ஆயில்?"

"ஆட்டோமேட்டிக் கியருக்கு."

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"உங்க நெத்தியில இருக்கறதுதான் அத்திம்பேரே, பாக்கி."

சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "எங்க அத்தை காதுல விழக்கூடாது. வந்த உடனே மாப்பிள்ளைக்கு எண்ணெய் வெச்சாளா, அபசகுனம்னு அடுத்த ரயில்ல எல்லாரையும் ஏத்திடுவா. கார் நின்னாலும் அதேதான்."

மாடியில் அக்கா மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

அவரே சொன்னார்: "ஊர்வலம் நடக்கற வேகம்தானே. தள்ளுங்கோ."

அவ்வளவுதான். கட்டடத்துப் பசங்கள் எல்லோரையும் திரட்டிவிட்டேன். சாயந்திரம் நாதஸ்வரம் முன்னால், பெட்ரோமாக்ஸ் இரண்டு பக்கமும், மாலையோடு மாப்பிள்ளை நடுவில், பின்னால் நாங்கள். அழகாக நகர்ந்தது கார். ஸ்டியரிங் பிடித்த ரூஸி அங்கிளுக்கு விஷயமே தெரியாது. திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தேக்கா பேட்டி? நயா தேல். ஏக்தம் மக்கன்."

பார்த்தாயா மகளே, புது எண்ணெயாம், வெண்ணெயாம். வெண்ணெய் எங்கள் தோளில் உருகி வழிந்துகொண்டிருந்தது.

தெருமுனை மேட்டில் கார் தயங்கியது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அத்தை பின்னால் வந்துவிட்டாள். ஆறடி அத்தை, ஒன்பது கஜத்தில்.

"ஏண்டி பொண்ணே, எதுக்கு எல்லாரும் காரைப் பிடிச்சுண்டு வரேள்?"

நாதஸ்வரம் ஒரு கணம் மூச்சு வாங்கியது. மாப்பிள்ளையின் கழுத்து விறைத்தது எனக்குத் தெரிந்தது.

"பம்பாய் வழக்கம் மாமி. மாப்பிள்ளையை விடவே மாட்டோம்னு அர்த்தம்."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"பிள்ளையாத்துக்காராளும் பிடிக்கலாமோன்னோ?"

"பேஷா."

அவள் கை வைத்ததும் கார் மேட்டில் ஏறிய வேகம் இருக்கிறதே... நாதஸ்வரக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

இப்போது பம்பாய்க்குப் பக்கத்தில் நெருளில் மகனோடு இருக்கிறேன். அவன் காரும் ஆட்டோமேட்டிக்தான். போன வாரம் சர்வீசுக்குக் கூடப் போயிருந்தேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள்.

"கியர் ஆயில் என்ன நிறம்னு ஒரு தடவை காட்டேன்" என்றேன் அங்கிருந்த தமிழ்ப் பையனிடம்.

"அது சீல்டு, ஆன்ட்டி. திறக்கவே முடியாது. அளவுக்கம்பியே கிடையாது" என்றான், பெருமையாக.

நல்லதுதான். சிந்தாது, நடுரோட்டில் நிற்காது, ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் எங்கள் காரில் ஏறி, தனியாக, சத்தமே இல்லாமல் ஓட்டிக்கொண்டு போனான்.