புழு வளர்க்கிற என் கொழுந்தன்

என் டீ வடிகட்டி காணாம போச்சுன்னா நான் வீடு முழுக்கத் தேடறதில்ல. நேரா கொழுந்தன் ரூமுக்குப் போயிடுவேன். என் வீட்டுக்காரரோட தம்பி, எங்ககூடத்தான் இருக்கார். தடயவியல் ஆய்வகத்துல வேலை. செத்த உடம்புல ஈ வந்து முட்டை வைக்கும் இல்லையா, அதுலருந்து வர்ற புழுவைப் பாத்து, ஆள் செத்து எத்தனை நாளாச்சுன்னு சொல்லணும். தெருவுல இவருக்கு ஈக்காரர்னு பேரு. எனக்குத் தலைவலி.

"வடிகட்டி உங்களுக்கு எதுக்கு தம்பி?"ன்னு கேட்டா, "புழுவை முதல்ல வெந்நீர்ல முக்கி எடுக்கணும் அண்ணி, அப்பதான் நீட்டமா நிக்கும், அளக்க முடியும். நேரா ஸ்பிரிட்ல போட்டா சுருங்கிக் கறுத்துடும்"னு பாடம் எடுக்கிறார். நான் கேட்டது என்ன, இவர் சொல்றது என்ன. எல்லாத்தையும் கொல்றதும் இல்ல. பாதியை உயிரோட வெச்சு, ஈரல் துண்டு போட்டு, ஈயாகுற வரைக்கும் வளர்ப்பார். அப்பதான் எந்த ஜாதி ஈன்னு தெரியுமாம். ஆய்வகத்துல கரண்ட் போனப்போ அந்த டப்பாவெல்லாம் என் பால்கனிக்கு வந்து உக்காந்துச்சு. இவருக்குக் கல்யாணம் பேசலாம்னு வந்த குடும்பம் "காத்தாட நிக்கலாமே"ன்னு அங்க போச்சு. அப்புறம் யாரு நின்னா?

இப்படியாப்பட்ட மனுஷன்கிட்ட ஒரு கேஸ் வந்துச்சு. வயசானவர், தனியா இருந்தவர், தலையில அடிபட்டுச் சமையலறையில செத்துக் கிடந்ததை ஒரு வியாழக்கிழமை பாத்திருக்காங்க. மகனைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. காரணம், அவன் வாய்தான். "சனிக்கிழமை சாயங்காலம் வந்து அப்பாவோட சாப்பிட்டுட்டுப் போனேன்"னு அவனே சொல்லியிருக்கான். உடம்புலருந்து கான்ஸ்டபிள் எடுத்துட்டு வந்த புழுவை அளந்து பாத்தா, கணக்கு சரியா அந்தச் சனிக்கிழமைக்கே வந்து நிக்குது. இன்ஸ்பெக்டருக்குப் பரம சந்தோஷம். கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சது.

கொழுந்தன் போடலையே. "உடம்பு இருக்கிற நிலைமைக்கும் புழு வயசுக்கும் ஒத்துவரல. மூத்த புழு எங்கயோ இருக்கு, நான் வீட்டைப் பாக்கணும்"னு ஒத்தக் கால்ல நிக்கிறார். இன்ஸ்பெக்டர் எனக்கே ஃபோன் பண்ணிட்டார்: "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா." நான் சொல்லி இவர் கேட்டிருந்தா என் பால்கனி ஏன் அப்படி இருக்கப்போகுது?

அன்னிக்கு அந்த மகனோட அக்கா வெளியூர்லருந்து எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. அழுது அழுது முகம் வீங்கியிருந்துச்சு. "அப்பாவுக்குக் காது கேக்காது, ஃபோன்ல பேச முடியாது. தம்பிதான் ஊர்ல இருந்தா வாராவாரம் போய்ப் பாத்துட்டு எனக்குச் சொல்லுவான். என்ன சாப்பிட்டார், என்ன சட்டை போட்டிருந்தார்னு ஒண்ணு விடாம சொல்லுவான். அவன் போய் அப்பாவைக் கொல்லுவானா?"ன்னாங்க.

ஆபீஸ்ல வண்டி கிடைக்கல. இவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. புழு எந்தப் பக்கம் போகும்னு தெரியும், ரோடு எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியாது. நான்தான் கொண்டுபோய் விட்டேன். அக்கா வந்து கதவைத் திறந்தாங்க, இன்ஸ்பெக்டர் வாட்சைப் பாத்துட்டே நின்னார். உடம்பை எடுத்தும் வாடை போகல. நான் துப்பட்டாவை மூக்குல வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன்.

இவர் சமையலறைப் பக்கமே போகல. டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, வீட்டு நடையில தவழ்ந்து போறார். கம்பளத்து ஓரத்தைத் தூக்குறார், கீழ வைக்கிறார். "என்ன சார், செத்தது அந்தப் பக்கம்"னு இன்ஸ்பெக்டர் எரிஞ்சு விழுந்தார்.

"புழு வயிறு நிறைஞ்சதும் உடம்பை விட்டுப் போயிடும் சார். இருட்டா, காய்ஞ்ச இடமாப் பாத்து ஒதுங்கி, ஓடு கட்டிக்கும். நீங்க கூட்டமா இருந்த இடத்துல எடுத்தீங்க. அது பின்னாடி வந்த ஈயோட பிள்ளைங்க. முதல்ல வந்தது எழுந்து போயாச்சு."

வேலை முடிஞ்சா எழுந்து போற பழக்கம் எங்க வீட்டு விருந்தாளிங்களுக்கு இருந்தா நான் கொடுத்து வெச்சவ.

கடைசியில செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினார். சுவரோரமா புழு கட்டின ஓடு, பழுப்பு நிறத்துல, அரிசியைவிடக் கொஞ்சம் பெருசா, குவியல் குவியலாக் கிடந்துச்சு. சிலது மூடி திறந்து காலியா இருந்துச்சு. ஈயாகிப் பறந்தாச்சு.

"சரியான கணக்கு ஆய்வகத்துலதான் சொல்லுவேன்"னு எழுந்து முட்டியைத் தட்டிக்கிட்டார். "ஆனா உடம்பு கிடைச்சப்பவே இதுக்கு ரெண்டு வாரத்துக்குக் குறைஞ்சிருக்காது. அந்தச் சனிக்கிழமை பெரியவர் உயிரோட இல்ல."

அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ரெண்டு வாரம் முன்னாடின்னா தம்பி இந்த ஊர்லயே இல்லையே! மாசம் பூரா கம்பெனி வேலையா வெளியூர்ல இருந்துட்டு, அந்த வெள்ளிக்கிழமைதானே திரும்பி வந்தான். கூட வேலை பாத்தவங்களே சொல்லுவாங்க. அவன் செய்யல, பாத்தீங்களா, அவன் செய்யல!" அழறாங்க, சிரிக்கிறாங்க. எனக்கும் கண்ணு நிறைஞ்சுடுச்சு. அப்புறம் மெல்ல கையை விட்டாங்க.

"அப்போ சனிக்கிழமை அவன் யார்கூட சாப்பிட்டான்?"

கொழுந்தன் அந்த ஓடுங்களை அள்ளிப் போட்ட டப்பாவை மூடிட்டு இருந்தார்.

அறிக்கை கொடுக்க ஸ்டேஷனுக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். அக்கா வாசல்கிட்ட நின்னுட்டு இருந்தாங்க. மகனை வெளிய கொண்டுவந்து உக்கார வெச்சாங்க. ஆள் பாதியா இளைச்சிருந்தான்.

"ஏன்யா, போகவே இல்லன்னு முதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா இத்தனை பாடு உண்டா? கொலைக் கேஸ்யா இது"ன்னு இன்ஸ்பெக்டர் கத்தினார்.

அவன் தலை நிமிரல. "கொன்னேன்னு நீங்க சொன்னா அக்கா நம்பமாட்டா சார். போகலைன்னு நான் சொன்னா நம்பிடுவா."

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு அறை விட்டிருப்பேன். அவன் முகத்தைப் பாத்தா அதுவும் முடியல. அக்கா அவன் பக்கத்துல வந்தாங்க. திட்டல, அழல.

"கடைசியா அப்பாவை எப்போடா பாத்தே?"

ரொம்ப நேரம் யோசிச்சான். அவனுக்கு ஞாபகம் வரல.