மூத்தவாப்பாவின் நாக்குச் சொடுக்கு

மன்னார் கடைத்தெருவில் இன்று மழையில் நனைந்து நின்ற கழுதையின் மணம் என்னை முசலிக் கரையில், இப்போது காடாகிவிட்ட எங்கள் வளவுக்கு இழுத்துப்போனது. அங்கே என் வாப்பாவைப் பெற்ற மூத்தவாப்பா கம்பெடுக்காமல், நாக்கை ஒருதரம் சொடுக்கித்தான், கருவாட்டுப் பொதி சுமந்த தன் கழுதையைக் கிளப்புவார்; “பெத்த புள்ளைகளும் இப்படிச் சொல்லுக் கேக்காது” என்று உம்மா சிரிப்பா. துவக்கோடு வந்தவர்கள் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, அவர் கழுதையைக் கரையில் அவிழ்த்துவிட்டு எங்களோடு வள்ளத்தில் ஏறியதும், பழக்கதோசத்தில் நாக்கைச் சொடுக்கிவிட்டார். அது கடலுக்குள் இறங்கியது.

“மாமா, அது நீந்தி வருது” என்றா உம்மா.

“நான் கூப்பிடல்ல புள்ள. நாக்குத் தானாச் சொடுக்கிட்டுது.”

நனைந்த காதுகள் இரண்டும் அலைகளுக்கிடையில் சிறுத்துச் சிறுத்து மறைந்தன. கற்பிட்டி வந்து சேரும்வரை மூத்தவாப்பா தன் வாயைக் கையால் பொத்தியபடியே இருந்தார்.