அல்போன்ஸ் மச்சானின் வெள்ளை வில்லை

அல்போன்ஸ் மச்சான் நல்ல சிப்ஸ் வாங்க வேண்டும் என்று ஃபோனில் சொன்னபோது, பக்கத்து ஊரான புதுக்கடையில் ஏத்தவாழைக்காய் சிப்ஸ் சூடாகப் போட்டுத் தருகிற கடையை நான் சொல்லிக் கொடுத்தேன். பிறகுதான் அது தின்கிற சிப்ஸ் இல்லை, போக்கர் சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கிற வட்ட வில்லை என்று விளக்கினார்.

மச்சான் என் அக்கா குளோரியின் கணவர். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பாதி ஆயுளை பஹ்ரைனில் ஏசி மெக்கானிக்காகக் கழித்துவிட்டு, போன வருஷம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்தவருக்கு வீடு இருந்தது, கார் இருந்தது. உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை. சின்ன வயதில் கூட விளையாடியவர்களுக்கு இத்தனை வருஷத்தில் வேறு கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள். துறைமுகத்தில் போய் நின்றால், 'எப்ப வந்த, எப்ப போற' என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இனிப் போகப்போவதில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. மனுஷன் அதில் நொந்துபோனார். பார்க்கிற எனக்கே பாவமாக இருந்தது.

பஹ்ரைனில் உடன் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரர்களிடம் அவர் போக்கர் படித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலு பேரை வீட்டுக்கு அழைத்து விளையாடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். மேசையில் ஒரு பைசா கண்டாலும் மேசையைக் கடலில் தூக்கிப் போட்டுவிடுவாள். அக்கா சொன்னால் செய்கிற ஆள்.

எனவே முதலில் புளியங்கொட்டை வைத்து ஆடினார்கள். படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற எபின், சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், இருக்கிற கொட்டை மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். போனால் புளியங்கொட்டைதானே என்பது அவன் கட்சி. அப்படி ஆடினால் அது என்ன ஆட்டம்? ரெண்டு வாரத்தில் கூட்டம் கலைந்தது.

அங்கேதான் மச்சானுக்கு ஒன்று புரிந்தது. காசு இல்லாத ஆட்டத்தில் வில்லைக்காவது மதிப்பு இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வரக்கூடாது. அக்காவுக்குத் தெரியாமல் சாம்பிள் வில்லைகளை என் மொபைல் கடை விலாசத்துக்கு வரவழைத்தார். தினமும் வந்து என் கண்ணாடி மேசைமேல் போட்டுச் சத்தம் கேட்பார். வாடிக்கையாளர்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். வெறும் பிளாஸ்டிக் வேண்டாம், அடுக்கினால் சரிகிறது என்றார். உள்ளே இரும்புத் தகடு வைத்த வில்லை நல்ல கனம். அதை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டார். எங்கள் கடற்காற்று இரும்புக் கேட்டையே தின்றுவிடும். வில்லையின் ஓரத்தில் துரு எட்டிப் பார்த்ததும் அதையும் தள்ளினார். கடைசியில் இரும்பில்லாத, களிமண்போல் சொரசொரப்பான ஒன்று தேறியது. மீன் தொட்ட விரலிலும் அது வழுக்கவில்லை.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குவாதம். மதிப்பை எண்ணாக அச்சடித்த வில்லைதான் புத்திசாலித்தனம் என்றேன் நான். எண் இருந்தால் அக்கா கண்ணுக்கு அது பைசாவாகத் தெரியும், நிறம் மட்டும் போதும் என்றார் அவர். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதுப் பெட்டி திறந்த ஞாயிற்றுக்கிழமை எபின் திரும்ப வந்தான். கோயில்பிள்ளை ஜஸ்டஸும் வந்தார். சாமியாருக்கு அன்றன்றைய நிறத்தில் பூசை உடுப்பு எடுத்து வைப்பது அவர் வேலை. அக்கா அடுப்பில் நெய்மீன் குழம்பு வைத்திருந்தாள். கடைசிவரை தோற்காமல் இருப்பவனுக்கு மீன்தலை. வெள்ளைதான் ஆகச் சின்னது, பிறகு சிவப்பு, பச்சை, ஊதாதான் ஆகப் பெரியது என்று மச்சான் வாத்தியார்போல் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம்.

வில்லை வேலை செய்தது. எபின் ஒவ்வொன்றையும் தடவித் தடவி வைத்தான். மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சமயத்தில் ஜஸ்டஸ் ஓர் அடுக்கு ஊதாவை அலட்டிக்கொள்ளாமல் நடுவில் தள்ளினார். எபின் ஆட்டத்தை விட்டுச் சீட்டைக் கவிழ்த்தான், நானும் கவிழ்த்தேன். மூன்று ராணி வைத்திருந்த மச்சானே பயந்து கவிழ்த்தார். ஜஸ்டஸ் தன் சீட்டைக் காட்டினார். வெறும் இரண்டாம் நம்பர் சீட்டு ரெண்டு.

எபின் கொதித்துப் போனான். கோயில்பிள்ளையே இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். ஜஸ்டஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் சின்னதாத்தானலே வச்சேன். ஊதா தவக்காலத்துக்குள்ளது. நோம்பு இருக்க தவக்காலத்துல எவனாம் பெருசா கொண்டாடுவானா? வெள்ளைதான் பெருநாள் உடுப்பு. அத நான் தொடாம வச்சிருக்கேன், பாத்தியா?"

பார்த்தோம். அவர் முன்னால் வெள்ளை வில்லைகள் கலையாமல் அடுக்கி இருந்தன. ஊதாவைத் தண்ணீராய்ச் செலவழித்திருந்தார். என் அடுக்கைப் பார்த்தேன். வெட்கக்கேடு, நானும் வெள்ளையைத்தான் பதுக்கியிருந்தேன். நாங்கள் எல்லோருமே சின்ன வயதில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவர்கள்.

உலகம் முழுக்க வெள்ளைதான் சின்னது என்று மச்சான் விடாமல் சொன்னார். எபின் செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டான். புளியங்கொட்டைக் கதைதான் மறுபடியும் என்று எனக்குப் பயமாகிவிட்டது. மச்சானின் குரலும் இறங்கிவிட்டது. அப்போது அடுக்களையிலிருந்து அக்கா கரண்டியோடு வந்தாள்.

"ஒலகம் இஞ்சயா சீட்டு விளையாட வருது? வாறது ஜஸ்டஸும் எபினும்தான?"

மச்சான் அவளையே பார்த்தார். பிறகு ஒரு வில்லையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பினார். எண் இல்லை. எதை வேண்டுமானாலும் எதுவாகவும் வைத்துக்கொள்ளலாம். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு மச்சான் புது வரிசை சொன்னார்: பச்சை விசேஷமில்லாத பொதுக்காலம், அது சின்னது. அடுத்து ஊதா. அதற்கு மேலே, வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை. இந்த முறை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எபின் செருப்பைக் கழற்றினான். மீன்தலையும் அவனுக்குத்தான் போயிற்று.

எல்லோரும் போன பிறகு வில்லைகளைப் பெட்டியில் அடுக்கினோம். ஒரு வெள்ளை குறைந்தது. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை எவன் அமுக்கினான், இப்போதே ஃபோன் போடுகிறேன் என்று குதித்தேன். மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெடக்கட்டும் மக்கா. எடுத்தவன் திருப்பித் தரவாவது வருவாம்லா."

அடுத்த ஞாயிறு ஜஸ்டஸ் உள்ளே நுழைந்ததும், சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டில் காட்டக் கொண்டுபோனாராம். அன்று ஆட்டம் முடிந்து அடுக்கியபோது இரண்டு வெள்ளை குறைந்தது. மச்சான் மறுபடியும் எண்ணினார், மறுபடியும் இரண்டு குறைந்தது. ஊருக்கு வந்து இறங்கிய அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.