கை நனையாத அறை

சாய டின்னின் மூடியை நெம்பித் திறந்ததும் புனிதா முதலில் மூக்கைத்தான் கொண்டுபோனாள். உள்ளே என்ன நிறம் என்று பார்த்தது அதற்குப் பிறகுதான்.

"அக்கா, அது சாயம். சம்பல் இல்ல லா, மோந்து பாத்து வாங்குறதுக்கு," என்றார் சலாஹுதீன். மலைமேல் பிரிஞ்சாங் டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்.

பப்பாளிப் பழத்தின் உள்சதை நிறம். ஏதோ ஒரு விடுதிக்காரர்கள் கலக்கச் சொல்லிவிட்டு, கலந்த பிறகு வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன இரண்டு டின். பாதி விலைக்குக் கிடைத்தது. எண்ணெய்ச் சாயம்தான் வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். மலைக்குளிரில் தண்ணீர்ச் சாயத்தை அடித்தால் ஆறே மாதத்தில் சுவரில் பூசணம் பூத்துவிடும்.

"வாடை தலைய சுத்துது தம்பி. போறதுக்கு எத்தன நாளாகும்?"

"நல்ல வெயில் அடிச்சா ரெண்டு நாளு. நம்ம ஊர்ல வெயிலுக்கு எங்க போறது? நாலு நாளுன்னு வச்சுக்குங்க."

அன்று வியாழக்கிழமை சாயங்காலம். அவளுக்கு இருந்த அவகாசம் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி வரைதான். மொத்தச் செலவுக்கும் கையில் இருந்தது இருநூற்று ஐம்பது ரிங்கிட். இரண்டு டின்னையும் இரண்டு கையில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

புனிதாவுக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பத்தொரு வருஷமாகத் தேயிலை ஆலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை. தேயிலைத் தூள் பச்சைக் குழந்தை மாதிரி, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை வாங்கிக்கொள்ளும். அதனால் அந்த அறைக்குள் போகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, பவுடர் பூசக் கூடாது, வெங்காயம் நறுக்கிய கையோடு வரக் கூடாது. மல்லிகைச் சரத்தைக் கொண்டையில் வைத்து அவள் வேலை நாளில் வெளியே போய் யாரும் பார்த்ததில்லை. குளிப்பது மணக்காத சவர்க்காரத்தில். ஆனால் உலகத்தில் மற்ற எல்லாவற்றையும் முகர்ந்துதான் தொடுவாள். அரிசி, மீன், பஸ் இருக்கை, ஆஸ்பத்திரி மாத்திரை, கடைக்காரன் கொடுக்கும் மீதிச் சில்லறை. அவளுடைய கணவர் சின்னையா, தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "பொண்ணு பாக்கப் போனப்ப இவ என்னைப் பாக்கல. மோந்துதான் பாத்தா. டீசல் வாடைக்கு மயங்கிட்டா லா."

அந்த வாயால் வந்ததுதான் எல்லாம்.

புனிதா, பக்கிரிசாமியின் மகள். பக்கிரிசாமிக்குப் பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவன் மாடசாமி, அவனுக்கு ஏழு வருஷம் கழித்து இவள். இவளுக்கு ஒன்பது வயதாகும்போது தாய் மாரியம்மா இறந்துபோனாள். அப்புறம் தங்கைக்குத் தலை பின்னி விட்டதும், பள்ளிக்கு அனுப்பியதும், பின்னால் ஆலையில் மேனேஜர் துரையிடம் நின்று வேலை கேட்டு வாங்கியதும் அண்ணன்தான். அவன் அதே ஆலையில் தேயிலை காயவைக்கும் அடுப்பறையில் இருந்தான். காலையில் வீட்டில் ஒரு குவளைத் தேத்தண்ணிதான் இருக்கும். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தங்கையிடம் நீட்டுவான். அவள் அப்போதே அதையும் முகர்ந்து பார்ப்பாள். "அண்ணன் குடுக்குறதையே மோந்து பாக்குறியா நீ?" என்று தலையில் ஒரு தட்டு விழும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் புனிதாவின் மகள் பூவிழிக்குச் சடங்கு நடந்தது. தாய்மாமன் சீர் பதினொரு தட்டு. ஊரே பார்த்தது. இதே வீட்டுச் சாப்பாட்டு அறையில் முதல் பந்தியில், நடு இடத்தில் மாடசாமியை உட்காரவைத்தார்கள். வெளியே மழை. ஜிங்க் தகரக் கூரையில் எங்கேயோ ஓட்டை. மேல்பலகையில் ஊறி ஊறி நின்ற பழுப்புத் தண்ணீர், மாடசாமி முதல் உருண்டையைப் பிசையும்போது அவன் இலையில் சொட்டியது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அப்புறம் வெள்ளைச் சட்டைமேல் ஒரு கோடு. யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இலையை மாற்றிவிட்டு விஷயம் முடிந்திருக்கும். சின்னையா பரிமாறிக்கொண்டிருந்தார். "மச்சானுக்குக் கேக்காமலே மேலேர்ந்து ரசம் ஊத்துறாங்க லா!" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. மாடசாமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இனி இந்த ரூம்ல என் கை நனையாது," என்று சொல்லிவிட்டுப் பிசைந்த சோற்றோடு இலையை விட்டுப் போனான். ஆலை வேலையையும் விட்டான். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் எடுத்து அங்கேயே இருந்துவிட்டான்.

மேல்பலகையில் அந்தப் பழுப்புக் கறை அப்படியே நின்றது. பலாப்பழத்தைப் பிளந்து கவிழ்த்த மாதிரி. புனிதா தினமும் அதன் கீழே நின்றுதான் சோறு போட்டாள்.

இப்போது பூவிழிக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் அவர்கள் வீட்டுப் பெண் எதுவும் மணவறைக்குப் போனதில்லை. "மாமா வரலேன்னா தேதிய தள்ளிப் போடுங்க. நான் உக்கார மாட்டேன்," என்று பூவிழி சொல்லிவிட்டாள். மாமன் செல்லம் அவள். அவளே போன் செய்து அழுதாள். செவ்வாய்க்கிழமை மாடசாமியிடமிருந்து பதில் வந்தது. "ஞாயித்துக்கெழம பதினொரு மணிக்கு வரேன். அதே ரூம்லதான் உக்காருவேன். கை நனைக்கிறதும் நனைக்காததும் அங்க வந்து பாத்துட்டு."

வீடு தோட்டத்துடையது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்க் கேட்டதற்கு, கூரை மாற்றுவது வருஷக் கடைசியில்தான் என்றார். எனவே சின்னையாவே ஏறித் தார் பூசினார். மேல்பலகை இரண்டு வாங்கப் பணம் கட்டாது. ஒன்று வாங்கிக் கறை இருந்த இடத்தில் மட்டும் அடித்தார்கள். மேசைக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. நாற்காலி நாலும் நாலு ஜாதி. நாலுக்கும் அதே பப்பாளிச் சாயத்தை அடித்து ஒரு தாய் பிள்ளைகளாக்கினாள் புனிதா. முதலில் அடித்தது நாற்காலி, அதனால் அவை மட்டும் காய்ந்தன. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து இரண்டு சுவர், சனிக்கிழமை காலையில் இரண்டு சுவர்.

சனிக்கிழமை மத்தியானம் மூடுபனி இறங்கியது. ஜன்னலை மூடினால் வாடை கண்ணை எரிக்கிறது. திறந்தால் பனி உள்ளே வந்து சுவரில் முத்து முத்தாக வேர்க்கிறது. பக்கத்து வீட்டு அன்பரசியிடம் காற்றாடி இரவல் வாங்கிச் சுழலவிட்டார்கள். மூன்று மணிக்குப் புனிதா சுவரை விரலால் தொட்டாள். ஒட்டியது. நாலு மணிக்குத் தொட்டாள். ஒட்டியது.

"விடு புள்ள, சுவரையா அவரு நக்கிப் பாக்கப் போறாரு?" என்றார் சின்னையா.

"நீங்க வாய மூடுங்க. ஒரு தடவ தொறந்ததுக்கே பன்னெண்டு வருசம்."

சின்னையா தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

சுவர் காயாவிட்டாலும் போகிறது, சாப்பிடுகிற இடத்தில் சாய வாடை அடித்தால் சோறு இறங்குமா? மாடசாமியின் மூக்கு இவள் மூக்குக்கு மூத்த மூக்கு. புனிதா அலமாரியைத் திறந்து, தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தூள் பொட்டலங்களை எடுத்தாள். இரண்டு மாதத்துத் தூள். ஆலையில் ஒரு வருஷம் அடுப்பறைக்குச் சாயம் அடித்தபோது மாடசாமி இப்படித்தான் செய்தான். தாம்பாளம், முறம், பலகாரத் தட்டு என்று கிடைத்ததிலெல்லாம் தூளைப் பரப்பி, மேசைக்கு அடியிலும் மூலைகளிலும் வைத்துக் கதவைச் சாத்தினாள். மொத்தம் பதினொரு தட்டு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கதவைத் திறந்தாள். நாலு மூலையும் நின்று முகர்ந்தாள். வாடை முக்கால்வாசி போயிருந்தது. "தூள எல்லாம் ரோசாச் செடிக்குக் கொட்டிருங்க," என்று சின்னையாவிடம் சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போனாள்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. பூவிழி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். "பள்ளி விடுமுறைதான, கியா பார்ம் ரோட்டுல ஒரே ஜேம்மா இருக்கும்மா. ஸ்டிராபெரி வாங்குற கூட்டம்." புனிதாவுக்கு ஒவ்வொரு நிமிஷமும் சுவர் காய்வதற்கு ஆகட்டும் என்றிருந்தது. அதே நிமிஷம் அண்ணன் பாதி வழியில் லோரியைத் திருப்பிவிட்டால் என்றும் இருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காய்கறி லோரி வந்து நின்றது. கூடவே மழையும்.

மாடசாமிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. "வாங்கண்ணே," என்றாள். "ம்," என்றான். நேராகச் சாப்பாட்டு அறைக்குள் போய், சுவர் ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தான். கூரையில் மழை அடித்தது. வீட்டில் இருந்த மூன்று பேரும் அவனோடு சேர்ந்து மேலே பார்த்தார்கள். புதுப் பலகை, பழைய பலகை, நடுவில் ஆணிக் கோடு. ஒரு சொட்டு விழவில்லை.

"இலைய எடுத்து வை," என்று பூவிழியிடம் முணுமுணுத்துவிட்டுப் புனிதா சோறு வடிக்கப் போனாள். பூவிழி முதலில் மாமனுக்குத் தேத்தண்ணி கலந்தாள். பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, கண்ணாடிக் குவளையில் எடுத்துக்கொண்டு அம்மாவைக் கடந்து போனாள்.

புனிதாவின் கை நின்றது. பாலுக்கு அடியில், இஞ்சிக்கு அடியில், சுவர்ச் சாயத்தின் வாடை.

அலமாரியைப் பார்த்தாள். நேற்று கால்வாசி இருந்த தூள் டின் இன்று மூடி உட்காராமல் நிரம்பி நின்றது.

"என்னங்க, அந்தத் தூள எங்க கொட்டுனீங்க?"

சின்னையா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மாசத் தூளு புள்ள. மண்ணுல போட மனசு வரல. பாக்க நல்லாத்தான இருந்துச்சு."

"அடப் பாவி மனுசா!"

அவள் நிலைப்படிக்கு ஓடி வந்தபோது குவளை அண்ணன் கையில் இருந்தது. உதட்டுக்கு முன்னால் அதை மூக்குக்குக் கீழே நிறுத்தினான். ஒரு வாய் குடித்தான். ஆலையில் ருசி பார்க்கிறவர்கள் மாதிரி வாய்க்குள் சுழற்றி, விழுங்கினான்.

நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. மாடசாமி எழுந்தான்.

பன்னிரண்டு வருஷமாகப் புனிதாவின் காதுக்குள் இருந்த சத்தம் அது. பூவிழி இலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் வாசல் பக்கம் போகவில்லை. குவளையோடு சுவரருகே போய்க் குனிந்து முகர்ந்தான். இடது கையை விரித்துச் சுவரில் வைத்தான். எடுத்தபோது உள்ளங்கை பப்பாளி நிறமாக இருந்தது. சுவரில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"எப்ப அடிச்ச?"

"நேத்துதான் முடிஞ்சிச்சுண்ணே."

"தூள் பரப்புனியா?"

"ஆமாண்ணே."

"எத்தன தட்டு?"

"பதினொண்ணு."

"அடுப்பறை முழுசுக்கும் நான் வச்சதே அஞ்சு தட்டு," என்றான் மாடசாமி. கொஞ்ச நேரம் கையையே பார்த்தான். "பரப்புன தூள ஆளுக்குக் குடிக்கக் குடுக்கலாம்னு ஒனக்கு யாரு சொன்னது?"

என் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தாள் புனிதா. அவளுக்குப் பின்னாலிருந்து சின்னையாவின் குரல் வந்தது.

"அவ கொட்டச் சொன்னா மச்சான். நான்தான் எடுத்து டின்னுல போட்டேன்." அவர் முன்னால் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். "அன்னிக்கு வாய விட்டதும் நான்தான். சொல்லணும் சொல்லணும்னு இத்தன வருசம் போயிருச்சு. மன்னிச்சிக்குங்க."

மாடசாமி தன் நாற்காலியைச் சாயம் பூசிய கையாலேயே இழுத்தான். அறை நடுவில், புதுப் பலகைக்கு நேர் கீழே, பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"டீசல் வாடைக்கு இது எவ்வளவோ தேவலாம் மாப்ள," என்றான். அப்புறம் பூவிழியைப் பார்த்து, "அந்த இலைய என்ன புள்ளைய தூக்குற மாதிரி தூக்கி வச்சிருக்க? போடு."

குவளையில் பாதியைக் குடித்தான். மீதியைத் தங்கையிடம் நீட்டினான்.

புனிதா வாங்கினாள். குவளை அவள் மூக்கருகே ஒரு கணமும் நிற்கவில்லை. நேரே வாய்க்குப் போயிற்று.