வெல்லப்பாகு தின்ற துப்பாக்கி

உனக்கு வேறு வேலையே கிடையாதா? பூண்டு உரித்துக்கொண்டிருக்கிற கிழவியின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டி, இந்தத் துப்பாக்கி ஏன் பாதியில் நின்றுவிட்டது என்று கேட்கிறாய். மிக்சி நின்றால் கேள், சொல்கிறேன். மாமியார் வாயை நிறுத்த வழி கேள், அதுவும் சொல்கிறேன். துப்பாக்கி எப்படி ஓடும் என்று தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப்போகிறாய்? உன் புருஷனுக்கு இந்தச் சேதி தெரியுமா?

சரி, கேட்டுத் தொலைத்துவிட்டாய். அந்த வீடியோவில் ஒருவன் ஒரு தரம் சுட்டான். அடுத்தது வரவில்லை. துப்பாக்கியைப் புரட்டினான், தட்டினான், இழுத்தான், இங்கிலீஷில் ஏதோ முனகினான். எனக்கு மூக்கில் சட்டென்று ஒரு வாசனை ஏறியது. துப்பாக்கி எண்ணெய் வாசனை என்று நினைப்பாய். இல்லை. வெல்லப்பாகு. ஏலக்காய் தட்டிப் போட்ட பாகு. அது வந்தால் ஊரில் எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு வயிறு எரியும். இத்தனை வருஷம் ஆகியும் எரிகிறது.

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். களமருதூரில் எங்கள் நிலத்தில் நடவு தொடங்கினால் என் வரைக்கும் பள்ளிக்கூடம் மூடிவிடும். அப்படிப்பட்டவளைத் துப்பாக்கிக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் போலீசில் ஆயுதம் தூக்குகிற பிரிவு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு முகாமில் இருந்தார். முகாமுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள், அதில் ஒன்று எங்களுடையது. ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை மெதுவாகப் போட்டால், சத்தமாகப் போடச் சொல்லிச் சுவரைத் தட்டுகிற வரிசை அது.

அவருக்கு வாயைத் திறந்தால் துப்பாக்கிதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் அருகில் கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் என்னவோ ஏதோ என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். டார்ச் லைட்டைக் கழற்றிப் பேட்டரிகளைக் கொட்டினார்.

“இதோ பாரு. இந்த பேட்டரிதான் குண்டுன்னு வச்சிக்க. அடியில ஸ்பிரிங் இருக்குதா? மேல இருக்கறது வெளிய போச்சுன்னா, அடியில இருக்கறத ஸ்பிரிங் மேல தள்ளும். தள்ளனாத்தான் அடுத்தது வாய்க்குப் போவும்.”

“தள்ளலன்னா?”

“தள்ளலன்னா பட்டுனு ஒரு சத்தம் மட்டும் வரும். குண்டு வராது.”

“எங்க அத்த பேசற மாரியா?” என்றேன். சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு.

எஸ்.எல்.ஆர். என்று சொல்வார்கள் அந்தத் துப்பாக்கியை. ஒரு தரம் சுட்டால் அடுத்த குண்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். விசையை மட்டும் திரும்ப அழுத்தினால் போதும். குண்டுகளை அடுக்கி வைக்கிற இரும்புப் பெட்டிக்கு மேகசின் என்று பேர். துப்பாக்கியின் வயிறு அதுதான். வயிறு சரியில்லை என்றால் மனுஷனே எழுந்திருக்க மாட்டான், துப்பாக்கி எப்படிச் சுடும்?

முகாமுக்கு ஓர் அதிகாரி இருந்தார். எங்களுக்கெல்லாம் ஐயா. பக்தி ஜாஸ்தி. நெற்றியில் பட்டை, கையில் கயிறு, மேசை மேல் சாமி. அவர் வீட்டம்மா எலவனாசூர்கோட்டைக்காரி. பொரியும் பொட்டுக்கடலையும் போட்டு வெல்லப்பாகில் கிளறுவாள். கையில் எடுத்தால் விரலை விட்டுப் போகாது, வாயில் போட்டால் பல்லை விட்டுப் போகாது. ருசி என்னவோ ருசிதான், பொய் சொல்லக் கூடாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. துப்பாக்கிகளையெல்லாம் பெஞ்சில் சாய்த்து, மாலை போட்டு, சந்தனம் வைத்து, மேகசின்களைப் பொம்மைக் கொலு போலப் படிப்படியாக அடுக்கியிருந்தார்கள். நடுவில், தனியாக ஒரு பலகை போட்டு, என் வீட்டுக்காரருடைய துப்பாக்கியும் அதன் மேகசினும். முகாமிலேயே நன்றாகச் சுடுகிறவர் அவர். அந்த மரியாதை. எனக்குப் பெருமையில் ரவிக்கை இறுக்கிப் பிடித்தது.

கற்பூரம் காட்டி முடித்ததும் ஐயாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை. “பொங்கலுக்கு மாட்டுக்கு ஊட்டறோம். நமக்குச் சோறு போடறது இதுங்கதானே? நாம துன்றதுக்கு முன்னால இதுங்க துன்னட்டும்” என்றார். வீட்டம்மா தட்டை நீட்டினாள். இன்னும் சூடு ஆறாத பாகுப் பொரி. ஐயா ஒவ்வொரு மேகசின் வாயிலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே வந்தார். நடுப்பலகைக்கு வந்ததும் நின்றார். “நல்லா சுடறவன் துப்பாக்கி. இதுக்கு ஒரு கை ஜாஸ்தி” என்று திணித்து, கட்டைவிரலால் உள்ளே தள்ளினார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும்தான் போட்டுக்கொண்டேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் திரும்பப் பூஜை போடாமல் தொடக் கூடாதே. நீ தையல் மிஷினைத் தொடுவாயா? ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தது. காலையில் இடத்தைக் கழுவிவிட வரிசைப் பொம்பளைகள் எங்களைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் சுவரிலிருந்து பெஞ்சுக்கு, பெஞ்சிலிருந்து மேகசினுக்கு எறும்பு சாரை போட்டுப் போகிறது, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. அதிலும் நடுப்பலகைக்குத்தான் கூட்டம்.

“ஐயா, எறும்பு உள்ள போவுதுங்க” என்றேன்.

“போவட்டும்மா. எறும்பும் சாமி பெத்த உசுருதானே” என்றார்.

அந்த மறுநாள் பூஜையும் முடிந்ததும் மேலே மேலே துணியால் துடைத்துப் பெட்டியில் அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். சாவி ஐயாவிடம். என் வீட்டுக்காரர் போய், மேகசினின் அடித்தகட்டைக் கழற்றி உள்ளே சுத்தம் பண்ணட்டுமா என்று கேட்டிருக்கிறார். “பிரசாதம் பட்டத அழுக்குன்னு சொல்றியா?” என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், இவர் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வாரமே மலையடிவாரத்தில் சுடுகிற பரீட்சை. அதில் தேறினால் ஏட்டுப் பட்டை. தவறினால் வரிசையில் கடைசிக்குப் போகவேண்டும், திரும்ப முறை வருவதற்குள் தலை நரைத்துவிடும். எத்தனையோ வருஷமாக அந்தப் பட்டைக்காகத்தான் காத்திருந்தார். சட்டைக் கையில் எந்த இடத்தில் வரும் என்று எனக்கு விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்.

கல்வராயன் மலையையே சுவராக வைத்துச் சுடுவார்கள். சிவப்புக் கொடி கட்டி, ஆடு மேய்க்கிறவர்களை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். அன்றைக்குச் சமையலுக்கு எங்களைக் கூட்டிப்போயிருந்தார்கள். புளியமரத்தடியில் அடுப்பு. மலையிலிருந்து சீத்தாப்பழக் கூடையோடு இறங்கிய பொம்பளை ஒருத்தி, கொடியைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டாள். சீத்தாப்பழம் என்றதும் சொல்கிறேன், அந்தக் காலத்துப் பழத்தில் கொட்டையைத் துப்பவே நேரம் போதாது, அத்தனை சதை. இப்போது வாங்குவது கொட்டைக்குத் தோல் போர்த்தினது. சரி, அது கிடக்கட்டும்.

எங்கள் வரிசையில் சேகர் என்று ஒருவன். வேலையில் இவருக்குப் பின்னால் சேர்ந்தவன். அவன் சுட்டான். டமார் டமாரென்று எல்லாக் குண்டும் போய்விட்டது. அடுத்து இவர். மலையில் மோதி ஒரு சத்தம் திரும்பி வந்தது. அப்புறம் பட்டென்று விரல் சொடுக்கினாற்போல ஒன்று. அப்புறம் சத்தமே இல்லை. கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன்.

“இன்னாம்மா, ஒண்ணோட நிறுத்திட்டாரு?” என்றாள் சீத்தாப்பழக்காரி.

“வாய மூடிக்கினு குந்து” என்றேன். பாவம், அவளுக்கென்ன தெரியும்?

அங்கே என்ன நடந்தது என்று அப்புறம் அவர் சொன்னார். பிடியை இழுத்துவிட்டிருக்கிறார். வரவில்லை. மேகசினைக் கழற்றித் தட்டிப் போட்டிருக்கிறார். இன்னும் ஒன்று மேலே வந்தது, திரும்ப நின்றது. சுடச் சொல்லிக்கொடுக்கிறவர் வந்து, துப்பாக்கிக்குள் காஸ் கம்மி என்று ஏதோ ஒன்றைத் திருகியிருக்கிறார். குண்டு மோசம் என்று குண்டை மாற்றியிருக்கிறார்கள். மேகசின் வாய் வளைந்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வாய் நன்றாகத்தான் இருந்தது. மேலே இருந்த குண்டைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினாராம் இவர். அமுங்கினது அமுங்கினபடியே கிடந்ததாம், எழும்பவில்லை. ஸ்பிரிங் பாகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். விரலை முகர்ந்தால் ஏலக்காய் மணக்கிறது. ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை.

“வேற மேகசின் குடுங்கய்யா” என்று கேட்டிருக்கிறார்.

“அந்த மேகசினுக்கு இன்னா? சாமிக்கு வச்சது. உன் கைதான் சரியில்ல” என்றாராம் ஐயா. தவறிவிட்டார் என்று முடித்து, ஆயுதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பழியும் சேர்த்துவிட்டார்கள்.

நீயே சொல். தின்னக் கொடுத்தது யார்? கட்டைவிரலால் தள்ளினது யார்? பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது யார்? பழி மட்டும் யாருக்கு?

மறுநாள் நேராக ஐயா வீட்டு வாசலுக்குப் போனேன். அந்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா இந்தப் பக்கம்?”

“ஒண்ணுமில்லீங்கம்மா. உங்க பாகுப் பொரிய பத்திச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

முகம் மலர்ந்துவிட்டது. “நல்லா இருந்துச்சா?”

“எனக்கு நல்லா இருந்துச்சுங்க. துப்பாக்கிக்குத்தான் ஒத்துக்கல.”

முறம் நின்றுவிட்டது. “எல்லாத் துப்பாக்கிக்குந்தான் ஊட்டனாரு. உன் வூட்டுக்காரருக்கு மட்டும் ஒத்துக்கலையா?”

“எல்லாத்துக்கும் சிட்டிகை போட்டாரு. எங்களுக்குத்தான் ஒரு கை ஜாஸ்திங்களே. கழட்டிப் பாக்கச் சொல்லுங்கம்மா. உள்ள எறும்பு செத்துக் கெடக்கும். பொய்யா இருந்தா என்னை இந்த வாசல்ல நிக்க வச்சிக் கேளுங்க.”

“சாமி பிரசாதத்தக் குத்தம் சொல்றியே, உனக்கு நாக்கு கூசல?”

“சாமி துப்பாக்கியில போடச் சொல்லலீங்களே. சாமிக்கு அவ்ளோ தெரியாதா?”

உள்ளேயிருந்து செருமல் கேட்டது. ஐயா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வெளியே வரவில்லை. “அவன சாயங்காலம் வரச் சொல்லு” என்று குரல் மட்டும் வந்தது.

சாயங்காலம் இவரை ஜீப்பில் மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதே துப்பாக்கி, வேறு மேகசின். குறிப்பலகையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குள் எல்லாக் குண்டையும் இறக்கியிருக்கிறார். மனுஷன் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“ஐயா தோளத் தட்டி சபாஷ்னாருடி.”

“பட்டை?”

“நான் தவறிட்டேன்னு நேத்தே எழுதி அனுப்பிட்டாங்களாம். இன்னிக்குச் சுட்டது கணக்குல வராதாம். ஆனா நான் நல்லா சுடறேன்னு ஐயாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அது அவருக்கு முன்னியே தெரியும். அதனாலதான ஒரு கை ஜாஸ்தி ஊட்டனாரு. தோளத் தட்டனா அந்த எடத்துல பட்டை மொளைக்குமா?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டும்போது கை ஒரு கணம் அந்தச் சட்டைக் கையைத் தடவியது. அதைப் பார்த்துவிட்டுத் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டேன்.

பட்டை வராமல் போகவில்லை. வந்தது. வரும்போது அவருக்கு மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து வந்திருந்தது. ஆனால் என் வயிற்றை இன்றைக்கும் எரிப்பது அதுவல்ல. அடுத்த வருஷப் பூஜையில் போய்ப் பார்த்தேன். மேகசின் வாயெல்லாம் துணி வைத்துக் கட்டியிருந்தது. பொரி, தட்டில் தூரமாக இருந்தது. யார் கட்டச் சொன்னது, ஏன் கட்டினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. தப்பு என்று தெரிந்து திருத்திக்கொண்டார்கள். யாருக்கு நடந்தது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

இப்போது அந்த முகாமும் இல்லை, ஓட்டு வீட்டு வரிசையும் இல்லை. அங்கே கார் நிறுத்துகிற இடமுள்ள ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. அந்தத் துப்பாக்கி இப்போது யார் தோளிலும் இல்லை என்கிறார்கள், புதிது புதிதாக என்னென்னவோ வந்துவிட்டதாம். ஐயா போய்ச் சேர்ந்தார். அந்தம்மா போய்ச் சேர்ந்தாள், அவளோடு அந்தப் பாகுப் பதமும் போயிற்று. என் வீட்டுக்காரரும் போய்விட்டார். கடைசி வரைக்கும் ஐயாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜீப்பில் போய்ச் சுட்டுவிட்டு வந்த மறுநாள் காலையில், குழாயடியில் வரிசை மொத்தமும் குடத்தோடு நின்றது. எல்லாக் குண்டையும் சுட்டு முடித்த சேகரின் பெண்டாட்டி செல்விக்கு அன்றைக்குக் குடம் நிரம்பியும் நகர மனசு வரவில்லை.

“இன்னாக்கா, மாமாவுக்கு இன்னாதான் ஆச்சாம்? எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க” என்றாள்.

அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நான் என் குடத்தைக் குழாய்க்கு அடியில் நிதானமாக வைத்துவிட்டு, ஐயா வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“ஒண்ணுமில்லடி. துப்பாக்கிக்கு அஜீரணம். அதுக்கு வைத்தியமா எங்க வூட்டுக்காரர பட்டினி போட்டுட்டாங்க.”