வலம்புரியை இடது என்ற சொல்

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் மதுரைப் பத்திரிகை ஒன்றின் தூத்துக்குடி நிருபர். பிறந்தது தாமிரபரணிக் கரை வயல் ஊர். கடல் எனக்குப் புதிது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. ஓர் ஆங்கில அகராதி இருந்தது.

சங்கு குளிக்கும் பருவம். ஒரு குளியாளுக்கு 'சினிஸ்ட்ரல்' சங்கு கிடைத்ததாகச் சர்க்கார் சங்கு ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் குறிப்பு வந்தது. அந்தச் சொல் என் அகராதியில் இல்லை. பக்கத்துச் சொல்லான 'சினிஸ்டர்' இருந்தது: தீய, கெட்ட சகுனமான. 'தீக்குறிச் சங்கு கண்டெடுப்பு' என்று எழுதி அனுப்பினேன். அப்படியே அச்சானது.

நாலாம் நாள் அந்தக் குளியாள் அறைக்கு வந்தார். உப்புத் தண்ணீரில் சிவந்த கண்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நான் எடுத்தது வலம்புரி. ஆயுசுல ஒருக்கா கெடைக்கது. டீக்கடையில பேப்பர வாசிச்சதுலருந்து பயலுவ என்னைய தீக்குறின்னு கூப்புடுதானுவ. மூணு நாளா வள்ளத்துக்குச் சங்கும் படல. சம்மாட்டி இனி ஏறாதங்காரு."

சம்மாட்டி வள்ளத்தின் சொந்தக்காரர். அவர் ஏற்றாவிட்டால் இவருக்கு இந்தப் பருவமே போயிற்று.

திருத்தம் எழுதித் தபாலில் போட்டேன். சாயங்காலம் லத்தீன் தெரிந்த பாதிரியார் ஒருவரிடம் போனேன். லத்தீனில் சினிஸ்டர் வெறும் இடது என்றார். பறவை பார்த்துக் குறி சொன்ன பழைய ரோமர்கள் தெற்கு நோக்கி நின்றார்களாம். உதயத் திசை இடப்புறம், அதனால் இடது அவர்களுக்கு நல்லது. வடக்கு நோக்கி நின்ற கிரேக்கரின் வழக்கம் பரவிய பிறகுதான் அது கெட்டதாயிற்று. இந்த வலம்புரிச் சங்கும் அப்படியே. சுழிமுனையை மேலே வைத்து வெள்ளைக்காரர் பார்த்தால் வாய் இடப்பக்கம். நாம் வால்முனையை மேலே பிடிக்கிறோம், வாய் வலப்பக்கம்.

மறுநாள் விடியற்காலையில் குளியாளுடன் கரைக்குப் போய் இதைச் சம்மாட்டியிடம் சொன்னேன்.

"அப்ப அது எடமா, வலமாவே?"

"இங்கிலீஷில் இடம், தமிழில் வலம். ஒரே சங்குதான்."

வள்ளத்தில் இருந்த ஒருவன் சிரித்தான். "சங்கத் தலகீழாப் புடிச்சவன் வெள்ளக்காரன். மாட்டுனது நம்ம பய."

சம்மாட்டி குளியாளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறுலே."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பத்திரிகைக்காரரே, ஒம்ம மேல வருத்தமில்ல. ஆனா அந்த வார்த்தைய இந்தக் கரைக்குக் கொண்டாந்தது நீருதான். வள்ளம் கெளம்புதப்போ எதுக்க நிக்காதயும்."

குளியாள் ஏறிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். என் பக்கம் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் பார்ப்பது அவருக்கு நல்லதில்லை.

சரக்குக் கிட்டங்கிச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். பாய் ஏறும் சத்தம் கேட்டது, பிறகு பேச்சுக்குரல்கள் தேய்ந்தன. வள்ளம் தூரம் போயிருக்கும் என்று தெரிந்தும் எட்டிப் பார்க்கவில்லை.

திருத்தம் அந்த வாரமே இரண்டு வரியில் வந்தது. பருவம் முடியும்வரை காலையில் நான் கரைக்குப் போகவில்லை. சங்குச் செய்திகளை ஆபீஸில் கேட்டு எழுதினேன்.