லாரிக்கடியில் ஓர் அட்டை

எழிலரசன் எங்கே லாரியை நிறுத்தினாலும் முதல் வேலையாகக் குனிந்து, இன்ஜினுக்கு அடியில் ஓர் அட்டையைத் தள்ளிவிடுவான். அடுத்தவர் வாசலில் ஆயில் சொட்டக் கூடாது. நல்லவாட்டிலிருந்து மதகடிப்பட்டுக்கு மீன் ஏற்றும் அந்தக் கிழட்டு லாரியைப் பதினான்கு வருடமாக ஓட்டுகிறான். பெண் பார்க்கப் போனதும் அதில்தான். மீன் வாடையோடு போயும் பெண் கிடைத்தது அவன் யோகம்.

மாசியில் பிடித்தது சனி. அட்டையில் நாலு சொட்டு நாற்பதானது. ஒரு மெக்கானிக் கேஸ்கட் மாற்றினார், இன்னொருவர் சீல் மாற்றினார். ஒழுகல் நிற்கவில்லை. லாரிக்குச் சொந்தக்காரி செல்வகுமாரி கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு நிக்கலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். நீ வேற வண்டி பாத்துக்க எழிலு. நீ ஓட்டற ஓட்டுல இன்ஜினே அழுவுது."

கடைசி நம்பிக்கை பாகூர் மெக்கானிக் ஆரோக்கியம். செல்வகுமாரியும் கூடவே வந்தாள். கிழவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, அங்க ஒண்ணு இங்க ஒண்ணா சொட்டிக்கீது?"

"ஆமாண்ணே. லோடு ஏத்தினா இன்னும் ஜாஸ்தி."

"சீல் போனா ஒரு எடத்துலதான் ஒழுகும். இது எல்லா சந்துலயும் பீச்சுது. ஸ்டார்ட் பண்ணு."

ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று புகை கிளம்ப, மூடி உலைமூடிபோல் ஆடியது.

"உள்ள காத்து போக வழியில்லாம முட்டுது. அதான் ஆயிலத் தள்ளுது." இன்ஜினை அணைக்கச் சொல்லி, இன்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறும் சின்னக் குழாயின் வாயைத் துழாவினார். கையோடு வந்தது வலையில் கட்டும் மஞ்சள் மிதவைத் துண்டு.

"எவன்டா இந்த வேல பாத்தவன்?"

இன்ஜினில் கை வைப்பவன் எழிலரசன் ஒருவன்தானே! நானில்லை என்றால் யார் நம்புவார்கள்?

"நான்தான்" என்றாள் செல்வகுமாரி, வேறெங்கோ பார்த்தபடி. "தை மாசம் பூரா முன்னாடி உக்காந்து வந்தேன். பொக நாத்தம் தலைய சுத்திச்சு. வர்ற ஓட்டையப் பாத்து அடைச்சேன்."

"மீன் கூடைக்கு நடுவுல பொறந்தவ, உனக்கு இந்த நாத்தம் ஆவலியாம்மா?" ஆரோக்கியம் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு முழம் டியூபை மாட்டி, புகையை வண்டிக்கடியில் இறக்கிவிட்டார். ஏரிக்கரை வரை ஓட்டி வந்து, எழிலரசன் புது அட்டையைத் தள்ளினான். டீ குடித்து முடித்தும் அட்டை வெள்ளையாகவே இருந்தது.

செல்வகுமாரி குனிந்து அட்டையைப் பார்த்தாள். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? ஏலத்துக்கு நேரமாச்சு. எடு வண்டிய."